அடியில் படுத்துப் பார்க்காமல் ஜீப் வாங்காதீர்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பழைய ஜீப் ஒன்று விலைக்கு வந்தால், அதைப் பற்றி முதலில் காதில் விழுவது அநேகமாக இதுதான்: "வண்டி ஓடவே இல்லை, வீட்டிலேயேதான் நின்றது." விற்பவர் இதைப் பெருமையாகச் சொல்வார். வாங்க வந்தவரும் கிலோமீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு மனத்துக்குள் விலையை ஏற்றிக்கொள்வார். என்னைக் கேட்டால், விசாரணையைத் தொடங்க வேண்டிய இடமே அதுதான். பத்து வருடம் பெரிய வீட்டின் பின்கட்டில் தூசி படிந்து நின்ற ஜீப்பைவிட, அன்றாடம் தோப்புக்கும் சந்தைக்கும் போய்வந்து, காலாகாலத்தில் எண்ணெய் மாற்றப்பட்ட ஜீப் பல மடங்கு மேல்.

எங்கள் பகுதியில் இப்படி நிற்கும் வண்டிகள் ஏராளம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருக்கள் பெரியவை, வீடுகள் பெரியவை, வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, குலதெய்வக் கோயில் சிவராத்திரி என்று வரும்போது மட்டும் கதவு திறக்கும், வண்டியும் வெளியே வரும். யாருடைய கவனக்குறைவும் இல்லை. வாழ்க்கை அப்படி அமைந்துவிட்டது. ஆனால் இரும்புக்கும் ரப்பருக்கும் இந்த நியாயம் தெரியாது.

எனக்கு வண்டி வியாபாரம் கிடையாது. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயலும் ஒரு தோப்பும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையில் வேறு வண்டி போகாது என்பதால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொள்ளப் பட்டறையில் நின்று நின்று கற்றுக்கொண்டதுதான் நான் அறிந்தது. உறவினர்களும் நண்பர்களும் பழைய வண்டி பார்க்கப் போகும்போது கூப்பிடுகிறார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

முதலில், உங்களுக்கு ஃபோர் வீல் உண்மையிலேயே தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போக அது வேண்டாம். உயரமான வண்டிதான் வேண்டும் என்றால் பின்சக்கர இயக்கமுள்ள பொலேரோ போதும். பராமரிப்புச் செலவும் குறைவு. செம்மண் சேறு, மணலோடிய வரத்துக்கால், கலுங்கு வழியும் பாதை, மழையில் வழுக்கும் களிமண் வயல்வெளி, இல்லையென்றால் மலைப் பயணங்கள் என்று உண்மையான காரணம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

தேவை என்று முடிவு செய்தால், பார்க்கும் வண்டி ஃபோர் வீல்தானா என்பதை உறுதிசெய்யுங்கள். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 2010-இல் வந்த முதல் தலைமுறை மகிந்திரா தாரிலேயே ஃபோர் வீல் இல்லாத வகை உண்டு. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை தாரில் எல்லாமே ஃபோர் வீல்தான். ஆனால் 2023 ஜனவரியில் அதே உருவத்தில், 1.5 லிட்டர் டீசல் இஞ்சினோடு, பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வகையும் சேர்ந்தது. சாலையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே எட்டிப் பாருங்கள்: கியர் கம்புக்குப் பக்கத்தில் ஃபோர் வீலுக்கு மாற்றும் இரண்டாவது கம்பு இருக்கிறதா? இல்லையென்றால் அது ஃபோர் வீல் தார் இல்லை. ஆர்சி புத்தகத்தில் மாடல் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஸ்கார்ப்பியோ, சஃபாரி போன்றவற்றில் கம்புக்குப் பதிலாகச் சுவிட்சு வரும் வகைகள் உண்டு. அவற்றில் கீழே குனிந்து முன்பக்க ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் (சுழல்தண்டு) இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே நிச்சயம். 2023 ஜூனில் வந்த மாருதி ஜிம்னியில் இந்தக் குழப்பம் இல்லை. இந்தியாவில் விற்ற ஐந்து கதவு ஜிம்னி முழுவதும் ஃபோர் வீல்தான்.

இனி, நின்ற வண்டிக்கு வருகிறேன்.

நிற்கும் வண்டியில் என்ன கெடும்? டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும்; வெயில் படாவிட்டாலும் ரப்பர் இறுகி விரிசல் விடும். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் எண்களில் கடைசி நான்கைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டை ஆழமாக இருக்கிறது, புது டயர்போல இருக்கிறது என்பதெல்லாம் இந்த எண்ணுக்கு முன்னால் செல்லாது. எண்ணெய் வெளியே வராமல் அடைக்கும் ஆயில் சீல்களில் எண்ணெய் படாமல் அவை காய்ந்து சுருங்கும். வண்டி ஓடத் தொடங்கிய சில வாரங்களில் ஒவ்வொரு மூலையிலும் கசிவு தெரியும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளுக்குள் அரிக்கும். பாதி நிரம்பிய டீசல் டாங்கில் மேல்பக்கம் நீர்த்துளி கோத்துத் துருப்பிடிக்கும், அந்தத் துரு பம்ப் வரைக்கும் போகும். எலியும் அணிலும் வயரிங்கைக் கடித்திருக்கும். இவை எல்லாக் கார்களுக்கும் பொது. ஃபோர் வீல் வண்டிக்கு மட்டும் உரிய கேடு ஒன்று இருக்கிறது. அதை ஒரு வண்டியில் பார்த்தபடியே சொல்கிறேன்.

கானாடுகாத்தானுக்கு அருகே ஒரு கிராமம். என் மச்சானுக்காக ஒரு மாருதி ஜிப்ஸி பார்க்கப் போனோம். வீட்டு ஆச்சி தனியாக இருந்தார், பிள்ளைகள் வெளிநாட்டில். வண்டி பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் மூடி நின்றது. தார்ப்பாயை எடுத்தால், மேலே ஒரு கீறல் இல்லை. மச்சான் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆச்சி, வண்டியைக் கடைசியாக யார் ஓட்டினார்கள்?" என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார்.

"அவுகதான் ஓட்டுவாக, தம்பி. மழைக்காலத்தில் தோப்புக்குப் போனால் கண்மாய்த் தண்ணீரிலேயே இறக்கிக் கொண்டுபோவாக. அவுக போன பிறகு யாரும் தொடவில்லை" என்றார்.

அண்ணன் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். டார்ச் வெளிச்சத்தில் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் உருண்டையான பகுதியைக் காட்டினார். ஜிப்ஸியில் ஸ்டியரிங் திரும்பும் இடம் அது. அதைச் சுற்றி ஈரமாக, கிரீஸும் எண்ணெயும் கலந்த கறுப்புக் குழம்பு வழிந்து காய்ந்திருந்தது. "உள் சீல் போய்விட்டது" என்றார். பிறகு ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு, புது எண்ணெய் நாங்களே ஊற்றித் தருவதாகச் சொல்லி, பின் ஹவுசிங்கின், அதாவது பின் ஆக்சிலின் பற்சக்கரக் கூட்டின், அடி பிளக்கை மெல்லத் தளர்த்தினார். கீழே ஒரு பழைய சட்டி வைத்திருந்தோம். முதலில் எண்ணெய் வரவில்லை. செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டியது. கொஞ்சநேரம் தண்ணீர் வந்த பிறகுதான், மோர் கலந்ததுபோல வெளுத்த எண்ணெய் இழுத்துக்கொண்டு இறங்கியது. பிளக்கின் முனையை அண்ணன் விரலால் வழித்து வெளிச்சத்தில் காட்டினார்: நுண்ணிய இரும்புத் தூள் மினுமினுத்தது.

எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். அதனால் நிற்கும் வண்டியில் அது ஹவுசிங்கின் அடியில் தேங்கிக் கிடக்கும். மேலே எண்ணெய் மிதக்கும். பல வருடம், கூட்டுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தின் அடிப்பற்கள் அந்தத் தண்ணீரில் ஊறியிருக்கின்றன. தண்ணீர் எப்படிப் போனது? ஓடும் வண்டியில் ஆக்சில் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அப்படியே கண்மாய்த் தண்ணீரில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து காற்று சுருங்கும். அந்த இழுப்பில், தேய்ந்த சீல் வழியாகவோ, ஆக்சிலுக்கு மேலே உள்ள மூச்சுக்குழாய் வழியாகவோ தண்ணீர் உள்ளே ஏறிவிடும். தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் எண்ணெயைப் பார்த்து மாற்ற வேண்டும். அந்தப் பெரியவர் இருந்தவரை மாற்றியிருப்பார். கடைசி மழைக்குப் பிறகு மாற்ற ஆள் இல்லை.

அந்த ஜிப்ஸியின் ஃபோர் வீல் கம்பும் அசையவில்லை. பயன்படாமலே துருவேறி இறுகியிருந்தது. முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்க அதன் மையத்தில் கையால் திருப்பும் ஹப் பூட்டுகளில் ஒன்று திரும்பியது, மற்றது திரும்பவில்லை. ஒன்று மட்டும் பூட்டினால் முன்பக்கத்துக்கு இழுவை கிடைக்காது. அதாவது, வெளியே பளபளவென்று நின்ற அந்த வண்டி அன்றைய நிலையில் ஃபோர் வீல் வண்டியே இல்லை. ஆச்சி எதையும் மறைக்கவில்லை. இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, செலவைப் போட்டு, அவரிடமும் அவருடைய மகனிடம் தொலைபேசியிலும் பேசி, விலையைக் குறைத்து வாங்கினோம். சேஸிஸ் உறுதியாக இருந்ததால்தான் அந்த அளவுக்கு மெனக்கெட்டோம்.

சேஸிஸ்தான் முதலும் கடைசியும். இஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை இறக்கி ஏற்றலாம், பெயிண்ட் அடிக்கலாம்; ஏணிபோன்ற அந்தச் சட்டம் அரித்துவிட்டால் வண்டி முடிந்தது. காரைக்குடி பழைய சாமான் கடைகளில் விவரம் தெரிந்தவர் தேக்குப் பெட்டியை வாங்கும்போது அதைக் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார். ஜீப்புக்கும் அதே பார்வை வேண்டும். சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். பின்சக்கரத்துக்கு மேலே சட்டம் வளையும் இடம், பட்டை வில் சட்டத்தோடு சேரும் இடம், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடம், பாடி உட்காரும் ரப்பர் தாங்கிகள் ஆகியவற்றில் அவசரப்படாதீர்கள். ஸ்டியரிங் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் வந்து வெல்டிங் வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி வெல்டிங் சீரான கோடாக இருக்கும். பட்டறை வெல்டிங் குமிழ் குமிழாகத் தெரியும். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சேஸிஸில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்து, ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ, புதிய பெயிண்டோ இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கடற்கரையில் ஓடிய வண்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொண்டி, மீமிசல் பக்கம் நமக்குத் தூரமில்லை; அங்கிருந்து நம் ஊருக்கு வண்டிகள் வருகின்றன. உப்புக் காற்று ஒரு பங்கு என்றால், கடல்நீர் சொட்டும் மீன் கூடைகளை ஏற்றிய வண்டியில் சேதம் பல பங்கு. பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் அப்படித்தான். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவித் துடைத்துத் தொலைதூர ஊரில் விற்பது வழக்கம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். விற்பவர் கழுவாமல் விடும் இடம் அது. ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, சீட்டுக்கு அடியில் கம்பிகளில் துரு, டாஷ்போர்டுக்குக் கீழே வண்டல் ஆகியவை சேர்ந்து தெரிந்தால் முடிவு தெளிவு. காற்று ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். அதற்குள் மண்கோடு இருந்தால் இஞ்சின் தண்ணீரைக் குடித்திருக்கலாம். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி வளைந்த ராடோடும் வண்டி சிலகாலம் ஓடும், அதுதான் ஆபத்து.

இனி ஓட்டிப் பார்ப்பது. ஃபோர் வீலைச் சோதிக்கிறேன் என்று சிலர் தார்ச் சாலையிலேயே கம்பைப் போட்டு வட்டமடிக்கிறார்கள். மனம் பதறுகிறது. மகிந்திரா தார், ஜிப்ஸி, ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா போன்றவற்றில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீலில் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போகின்றன, அதனால் அவை அதிகம் சுற்றியாக வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச் சாலையில் வழுக்க வழியில்லை. அத்தனை முறுக்கும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும், ஷாஃப்டின் மூட்டான கிராஸிலும் ஏறும். ஒரு வண்டியை விற்பவரே இப்படித் தார்ச் சாலையில் ஓட்டிக் காட்டினால், இத்தனை காலமும் அது எப்படி ஓட்டப்பட்டிருக்கும் என்பது தெரிந்துவிடும்.

சரளைப் பொட்டலுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். செம்புறாங்கல் சரளை பரந்து கிடக்கும் தரை நம்மிடம் நிறைய இருக்கிறது. அங்கே நேராக, மெதுவாக ஓட்டியபடி ஃபோர் ஹையில், அதாவது சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீலில், போடுங்கள். தெரிந்த ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே இறங்கி நின்று பாருங்கள். இளகிய மண்ணில் திடீரென ஆக்சிலேட்டரை அழுத்தும்போது முன்சக்கரங்களும் மண்ணைச் சீய்க்க வேண்டும். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிவதை மட்டும் நம்பாதீர்கள். பிறகு வண்டியை நிறுத்தி, கிளட்சை அழுத்தி, மெதுவாக, அதிக இழுவையோடு போகும் ஃபோர் லோவுக்கு மாற்றுங்கள். முதல் கியரில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே வண்டி ஆமைபோல ஊர்ந்து மேடேற வேண்டும். ஓடும்போது கம்பு தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸில் பெரிய வேலை காத்திருக்கிறது. திரும்ப டூ வீலுக்கு மாற்றும்போது கம்பு வர மறுத்தால் பதற்றம் வேண்டாம். நேராகக் கொஞ்சம் பின்னே எடுத்தால் முறுக்கு விட்டு வந்துவிடும். வரவே இல்லையென்றால்தான் கோளாறு.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேடேற்றிப் பார்க்கக் கண்மாய்க் கரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சக்கரம் பதிந்த தடத்தில் மழைநீர் ஓடும், ஓடை ஆகும், கரை அங்கே பலவீனப்படும். ஒரு ஊரின் விளைச்சல் அந்தக் கரையில் இருக்கிறது. ஊருணிக்குள் வண்டியை இறக்கிப் படம் எடுப்பதும் அப்படித்தான். புது தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று நிறுவனம் அளவு கொடுத்திருக்கிறது. அது குடிநீரில் இறங்குவதற்கான அனுமதி இல்லை.

கூர்க்காவில் முன்னும் பின்னும், ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டுகள் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், மண்ணில் மட்டும். 2015-க்குப் பிந்தைய பழைய தாரில் பின்பக்கப் பூட்டு தானாக விழும் வகை. ஒரு சக்கரம் வேகமாக வழுக்கும்போது 'டொக்' என்று ஒலித்துப் பிடிக்கும். அந்த ஓசையைக் கேட்டு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஏறும் ஊளைச்சத்தம் வேறு. அது கிரவுன் பினியன் தேய்ந்ததன் சத்தம். கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் அடியில் 'டங்' என்று கேட்டால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை, விலை பேசும்போது சொல்லிக்கொள்ளலாம். சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் ஆடினால் அன்றைக்கு வாங்கும் எண்ணத்தை ஒத்திவையுங்கள். முன்பக்கம் ஒரே தண்டாக ஆக்சில் உள்ள வண்டிகளில் வரும் ஆட்டம் அது. டயர் பேலன்ஸில் தீருகிறதா, சக்கரம் திரும்பும் மூட்டான கிங்பின் வரை போகிறதா என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

உயரம் கூட்டிய வண்டிகள் இப்போது நிறைய விலைக்கு வருகின்றன. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. உயரம் கூடினால் ஷாஃப்ட் சாய்வு கூடும், கிராஸ் சீக்கிரம் தேயும். தாரின் முன்சக்கர ஆக்சிலில் உள்ள ரப்பர் உறைகள் மடிந்து கிழியும், கிழிந்த வழியே மணல் போகும். பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சுற்றளவு பத்து சதவீதம் பெரிதானால் ஓடிய தூரமும் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவாகப் பதிவாகும். சட்டத் தடையும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரும் ஒரே அளவா என்றும் பாருங்கள். அளவு மாறிய டயர்களோடு ஃபோர் வீலில் ஓட்டினால் நேர்ச்சாலையிலும் அதே முறுக்கு ஏறும்.

இஞ்சினைப் பற்றி எந்த மெக்கானிக்கும் சொல்வார், அதனால் சுருக்கமாக. நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் காத்திருங்கள். குளிர்ந்த இஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, நிற்காத வெண்புகை என்றால் கூலன்ட் பக்கம் பாருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. 2020-க்குப் பிந்தைய, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் தாரில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. வீட்டிலிருந்து கடைத்தெரு வரை மட்டும் ஓடிய வண்டியில் அது எரிந்து சுத்தமாக வாய்ப்புக் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்து எச்சரிக்கை விளக்கு வருகிறதா என்று கவனியுங்கள்.

வண்டி தேறிவிட்டது என்றால் காகிதம். செட்டிநாட்டில் அதிகம் இடறும் இடமும் இதுவே. வண்டி ஐயா பெயரில் இருக்கும். ஐயா காலமாகி வருடங்கள் ஆகியிருக்கும். பங்காளிகள் மூன்று நாடுகளில் இருப்பார்கள். இறந்தவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு நேராக மாற்ற முடியாது. முதலில் வாரிசு ஒருவர் படிவம் 31 கொடுத்து, வாரிசுச் சான்றும் மற்றவர்களின் ஒப்புதலும் வைத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு படிவம் 29, 30 வழியாக உங்களுக்கு மாற்ற வேண்டும். அதை முடித்துத் தரும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள், எவ்வளவு வேண்டியவர்களானாலும். கடன் பதிவு இருந்தால் வங்கியின் படிவம் 35 வேண்டும்.

பதிவு செய்து 15 வருடம் தாண்டிய வண்டியில் பதிவை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்தாக வேண்டும். அதற்கு வண்டி ஆய்வில் தேற வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. நாள் கடந்தால் அபராதமும் சேரும். டெல்லிப் பதிவு எண்ணோடு மலிவாக வரும் டீசல் வண்டிகளுக்கும் பின்னணி உண்டு. அங்கே 10 வருடம் கடந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அதனால்தான் அவை தெற்கே இறங்கத் தொடங்கின. வண்டி நன்றாகவும் இருக்கலாம். ஆனால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்றால், ஏலக் காகிதமும் முதல் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய மகிந்திரா ஜீப்புகளில் வேறு இஞ்சின் மாற்றி வைத்திருப்பது சகஜம். ஆர்சியில் அந்த எண் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பெயர் மாறாத வரை, விபத்து நடந்தால் பதிவில் இருப்பவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாங்கியவரும் 14 நாள்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இஞ்சின் எண்ணெய் மட்டும் போதாது. கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் நான்கிலும் பழையதை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடிக்கும்போது கூடவே நின்று நிறத்தைப் பாருங்கள். பிரேக் எண்ணெயும் கூலன்ட்டும் மாறட்டும். ஜிப்ஸி என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யார் சொன்னாலும் நம்பாமல் புதிது போடுங்கள். ஆக்சில் மூச்சுக்குழாய்களை ஊதிச் சுத்தம் செய்து, முடிந்தால் நீண்ட ரப்பர் குழாய் போட்டு பானட்டுக்குள் உயரமாகக் கட்டிவிடச் சொல்லுங்கள். செலவு சொற்பம், அடுத்த மழைக்கு ஹவுசிங்கில் தண்ணீர் ஏறாது. அதன்பின் மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மண்பாதையில் கொஞ்ச தூரம் ஃபோர் வீலில் போட்டு ஓட்டி வாருங்கள், லோவையும் ஒருமுறை போட்டு எடுங்கள். ஊரில் இல்லாதவர்கள் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தால் மட்டும் போதாது. இதைச் செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.